கமலாம்பிகை ரீச்சர் போட்ட ஒன்று

கமலாம்பிகை ரீச்சர் தன் போனைக் காசு மேசையில் வைத்து, தம்பித்துரையின் பக்கம் திருப்பினார்.

"ஆரோ ஒருத்தன் என்னை ஏசியிருக்கிறான், அண்ணை. வாசிச்சுப் பாருங்கோ."

தம்பித்துரைக்கு வாசிக்கத் தேவையிருக்கவில்லை. எழுதியதே அவர்தான்.

நேற்று வியாபாரம் மந்தமாக இருந்த நேரத்தில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, 'நடுநிலை வாசகன்' என்று தனக்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டு எழுதியது. இலக்கியம் விளங்காதவர்கள் சமையல் குறிப்பு வாசிக்கலாம் என்று தொடங்கி, இப்படிப்பட்டவர்களால்தான் தமிழ் அழிகிறது என்று முடித்திருந்தார்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் பலசரக்குக் கடை நடத்தும் இத்தனை காலத்தில் அவர் எந்த வாடிக்கையாளரிடமும் முகம் சுளித்ததில்லை. கத்தரிக்காயில் புழு என்றால் மறுபேச்சில்லாமல் வேறு கொடுப்பார். மாவில் வண்டு என்றால் புது மாவையும் கொடுத்து, மேலே ஒரு பிடி கறிவேப்பிலையும் வைப்பார்.

ஆனால் அவர் எழுதிய நாவல் மாற்றிக் கொடுக்கிற சரக்கா?

அந்த நாவலில் நாயகன் முதல் பக்கத்தில் பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறான். அவன் வெளியே வருவதற்குள் நூறு பக்கம் போய்விடும். புத்தகம் விற்கும் இணையத்தளத்தில் அதற்கு விழுந்தது ஒரே ஒரு மதிப்புரை. ஒற்றை நட்சத்திரம். அதன் கீழே ஒற்றை வரி: 'இனி இவர் எழுதத் தேவையில்லை.' போட்டவர் பெயர் வெறும் 'கே'. அதற்குக் கீழேதான் நேற்று 'நடுநிலை வாசகன்' எழுதியிருந்தான்.

அந்தக் 'கே' யாராக இருக்கும் என்று இந்த நாட்டில் தமிழில் எழுதுகிற அத்தனை பேரையும் அவர் சந்தேகப்பட்டு முடித்திருந்தார். அதில் ஒருவருக்குக் கல்யாண வீட்டில் வணக்கம் சொல்லாமலும் விட்டிருந்தார்.

இப்போது 'கே', சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்த களைப்போடு, விரலில் வெண்கட்டித் தூளோடு, எதிரே நிற்கிறார்.

ரீச்சரின் கவலை வேறு மாதிரி இருந்தது. இது அண்ணையின் மேல் பொறாமை பிடித்த ஆளாகத்தான் இருக்கும், அண்ணையைப் புகழ்ந்தது பொறுக்காமல் தன்மேல் பாய்ந்திருக்கிறான், எதற்கும் கவனமாக இருங்கள் என்றார். ஏசுகிறவன் எழுத்துப் பிழை இல்லாமல் ஏசக்கூடாதா என்றும் கேட்டார்.

புகழ்ந்ததா?

ஒரு நட்சத்திரம்தானே, என்று தம்பித்துரை மெல்ல இழுத்தார்.

"பின்னை? அதுக்கு மேல என்ன இருக்கு? என்ர வகுப்பில ஒண்டு எடுக்கிற பிள்ளையே வருசத்தில ஒண்டு ரெண்டுதான்."

அப்போதுதான் தம்பித்துரைக்கு உறைத்தது. ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் ஒன்றுதான் ஆகச் சிறந்த மதிப்பெண். ஐந்து என்றால் பிள்ளை தேறவில்லை என்று அர்த்தம். கால் நூற்றாண்டாக அந்தக் கணக்கிலேயே திருத்திப் பழகிய கை, வாழ்க்கையில் முதல் தடவையாக மதிப்புரை போடப் போய், முதல் நட்சத்திரத்தை அழுத்திவிட்டு நிம்மதியாக நித்திரைக்குப் போயிருக்கிறது.

அந்த ஒற்றை வரி? ஒரு மனிதன் இப்படி ஒன்றை எழுதிவிட்டால் பிறகு எழுத என்ன மிச்சம் இருக்கிறது என்றார் ரீச்சர். விமான நிலையத்துப் பக்கங்களை இரண்டு தரம் வாசித்தாராம். அதில் காத்திருக்கிறவன் அப்படியே தன் அண்ணன்தான் என்றார்.

தம்பித்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வாசகிக்காகத்தானே எழுதினார். நட்சத்திரக் கணக்கை இரண்டு வார்த்தையில் விளக்கிவிட்டால் ரீச்சர் இந்த இடத்திலேயே ஒன்றை ஐந்தாக்கிவிடுவார்.

வாயைத் திறந்தார். ஆனாலும் வியாபாரி அல்லவா, சரக்கைக் கட்டுவதற்கு முன்னால் ஒருதரம் புரட்டிப் பார்க்கிற பழக்கம். வேறு எதற்காவது இப்படிப் போட்டீர்களா என்று கேட்டுவைத்தார்.

ரீச்சர் பார்வையை வெண்டிக்காய்க் கூடைப் பக்கம் திருப்பினார்.

"கோவிக்காதேங்கோ, அண்ணை. உங்கட கடைக்கும் போட்டனாங்கள். ரீச்சர்மார் எல்லாரும் சேர்ந்துதான். அஞ்சு."

முருங்கைக்காய் எப்போதும் முற்றலாக இருக்கிறதே என்று தாழ்ந்த குரலில் காரணமும் சொன்னார்.

சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வேலைக்கு வந்திருக்கிற கணினிக்காரப் பிள்ளைகள் போனில் அந்த ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான், நகரத்தின் அந்த மூலையிலிருந்து டிராம் ஏறி இங்கே வருகிறார்கள். அவர்களை நம்பித்தான் தம்பித்துரை போன மாதம் சுவரை இடித்து, பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்திருந்தார்.

கணக்கை விளக்கினால் அந்த ஐந்தும் ஒன்றாகிவிடும்.

நட்சத்திரத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தீர்களே, நான் எங்காவது பிழையாகப் போட்டுவிட்டேனா என்று ரீச்சர் கேட்டார்.

"இல்லை, ரீச்சர். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

ரீச்சருக்கு நிம்மதி. என்றாலும் அந்த ஏசினவனை இப்படியே விடக்கூடாது என்றார். போனைத் திரும்ப எடுத்து, ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். தம்பித்துரை அண்ணையின் நாவலுக்கு எல்லோரும் இன்றைக்கே ஆளுக்கொரு ஒன்று போட வேண்டும் என்று தட்டி அனுப்பினார்.

முதல் ஆள் உடனேயே போட்டுவிட்டாராம்.

தம்பித்துரை காசு மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெரிய உதவி என்றார்.