எருமை எடுத்த வீடியோ கால்

டேப்லெட் அலறிக்கொண்டே இருந்தது. கிழட்டு எருமை அதைக் குளம்பால் குத்திக்கொண்டே இருந்தது. பேரக்கன்று பிறந்த பிறகு மகளிடமிருந்து வரும் முதல் வீடியோ கால் அது. அதை எடுக்கத்தான் வரவில்லை.

"குத்தாத தாத்தா, உடைஞ்சிடும். பச்சையைத் தொட்டாப் போதும்" என்றது முதுகில் இருந்த மைனா.

"தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். அதுக்கு உறைக்கவே மாட்டேங்குது."

"குளம்பு பட்டா அதுக்குத் தெரியாது. ஈரமா எதையாவது வை, கால் கட் ஆகப் போகுது."

எருமை மூக்கை வைத்தது. திரை முழுக்கக் கன்று.

"காதைப் பாருடா, அப்படியே என் காது" என்று எருமை துள்ளியதில் மைனா கீழே விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் கன்று தூங்கிப்போனது.

"அவ்வளவுதான், சிவப்பைத் தொட்டுக் கட் பண்ணு" என்றது மைனா.

தவறிக்கூடப் பட்டுவிடாதபடி எருமை மூக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டது.