தீரக் கூடாத வலி

“விலா எலும்பு வலி சுத்தமா போயிடுச்சு. இனிமே தலையணையைக் கட்டிப்பிடிச்சுட்டுத் தும்ம வேண்டாம்” என்றார் டாக்டரம்மா.

மாதக்கணக்கில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் துடித்த கணக்கருக்கு, இழவுச் சேதி கேட்டதுபோல் முகம் தொங்கிப்போனது.

“டாக்டர், வலி இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்னு எழுதித் தர முடியுமா?”

“லீவுக்கா?”

“ஐயோ, லீவே வேண்டாம். ‘சிரிக்கக் கூடாது’ன்னு மட்டும் எழுதுங்க, போதும்.”

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார்.

“எங்க மேனேஜர் மீட்டிங்குக்கு மீட்டிங் ஜோக் சொல்வார். சிரிக்காதவனுக்குப் பிரமோஷன் கிடையாது. எல்லாரும் வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிப்பாங்க. நான் மட்டும் விலாவைப் பிடிச்சுட்டு நிம்மதியா உக்காந்திருந்தேன். மூச்சு விட்டாலே உயிர் போச்சு, ஆனா மனசு நல்லா இருந்துச்சு டாக்டர்!”

“ஒட்டகம் லிஃப்ட்ல ஏறின ஜோக்கா?”

“அதேதான்! உங்களுக்கு எப்படி…?”

டாக்டரம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“கல்யாணமானதுலேர்ந்து வீட்டுல அவர் ஜோக்குக்கு நான் சொல்றதும் இதே விலா வலிதான். ஆபீஸ்லயும் அது தீரவே தீராதுன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும். நீங்க பல்வலிக்கு மாறிக்கோங்க.”