நாலுகால் சட்டம்

நான்கு லாடங்களையும் மேஜைமேல் வைத்துவிட்டுத் தலைமையாசிரியை பொலிக்ஸேனி கையைத் துடைத்துக்கொண்டாள். "அளவு சரியாத்தான் இருக்கும். சேத்துல பதிஞ்ச உங்க குளம்பை அளந்து அடிச்சிருக்காங்க."

மெலாந்தோஸ் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. மந்திரவாதிப் பிள்ளைகளுக்குக் குறி சொல்லக் கற்றுத்தரும் அந்தக் குதிரைமனிதர், குறி பார்ப்பதற்காகத் தட்டில் புகையவிட்ட லாரல் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீலியோன் மலையில நாலுகால்ல நடக்கிற எதுவும் லாடமில்லாம கல்பாதையில நடக்கக் கூடாது. பழைய சட்டம்," என்றாள் பொலிக்ஸேனி.

"கோவேறு கழுதைங்களுக்குப் போட்ட சட்டம்."

"உங்களுக்கும் நாலு காலுதானே, வாத்தியாரே? காலையில மணி அடிக்கிறதுக்குள்ள மாட்டலைன்னா மலையை விட்டே இறங்கணுமாம். ஊர்ச்சபை முடிவு. மாட்டிக்கிட்டா என்ன குறைஞ்சுடப் போகுது?"

கழுதைகள்மேல் அவருக்கு மரியாதை உண்டு. மனிதப் பாதியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குதிரைப் பாதிக்கு அளவெடுத்ததுதான் உறுத்தியது. இன்று குளம்பை நீட்டினால் நாளை கடிவாளத்துக்கு வாயைத் திறக்க வேண்டிவரும்.

"மாட்ட மாட்டேன். மணி அடிக்கும்போது வகுப்புலதான் நிப்பேன்."

"பிள்ளைங்க வருவாங்களா?"

புகை சுருண்டு விரிந்தது. நாளைய வகுப்பறை தெரிந்தது. சலவைக்கல் தரை, ஜன்னல் வெயில், மணியோசை. அதற்குப் பிறகு ஒரே நிசப்தம்.

"வர மாட்டாங்க. பார்த்துட்டேன். ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை. வெறும் சுவருக்குப் பாடம் நடத்திட்டு இறங்கிப் போறேன்."

"கண்டதைச் சொல்றீங்களா, பயத்தைச் சொல்றீங்களா?"

அவர் லாடங்களை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். அவளுடைய குதிகால் செருப்பு டக் டக்கென்று தாழ்வாரத்தின் கோடிவரை ஒலித்துத் தேய்ந்தது.

மறுநாள் காலை மணி அடித்தது. மெலாந்தோஸ் கதவுக்கு முதுகைக் காட்டி, வால்கூட அசையாமல் நின்றார். காத்திருப்பதுகூடக் கெஞ்சுவது மாதிரி என்று தோன்றியது. எந்தச் சத்தமும் இல்லை. புகை பொய் சொல்லவில்லை.

"நட்சத்திரங்கள் யாருக்கும் உத்தரவு போடுறதில்லை," என்று சுவரைப் பார்த்துப் பாடத்தைத் தொடங்கினார்.

"அதை ஊர்ச்சபை பார்த்துக்குது, சார்," என்றது ஒரு குரல்.

திரும்பினார். ஓர் இடம் பாக்கியில்லாமல் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. குரல் கொடுத்த ஸ்மாரோ கடைசி பெஞ்சில் பாதங்களைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். எல்லாப் பாதங்களும் குளிரில் சிவந்திருந்தன. வாசலுக்கு வெளியே என்றுமில்லாதபடி செருப்புகள் குவிந்துகிடந்தன.

அந்தக் குவியலைத் தாண்டி வந்தாள் பொலிக்ஸேனி. குதிகால் செருப்பு கையில் தொங்கியது.

"நடத்துங்க, வாத்தியாரே. லாடத்தை முதல்ல என் காலுல அடிங்கன்னு ஊர்ச்சபைக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."