வாசிப்புக் கூண்டு

"இந்தக் கூண்டை உடைச்சு அடுப்புக்குப் போடச் சொல்லுங்க டீச்சர். நானே சந்தோஷமா உடைச்சுத் தர்றேன்."

தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

பழைய நீதிமன்றம் பள்ளிக்கூடமாகிக்கொண்டிருந்தது. நீதிபதியின் மேடை நாடக மேடையாகிவிட்டது. வக்கீல்களின் மேசைகள் வகுப்புகளுக்குப் போய்விட்டன. மிச்சம், குற்றவாளிக் கூண்டு. அதன் கம்பிகளைப் பாதியாக அறுத்து, சுற்றிலும் புத்தகத் தட்டு அடித்து, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் மூலையாக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் தலைமை ஆசிரியை.

ஏணியில் இருந்த பெயின்டர் சிரித்தார். "வீட்டுப்பாடம் எழுதாதவங்களை அதுல ஏத்தி விசாரிக்கலாம் அண்ணே!"

"உனக்கு எல்லாம் விளையாட்டு. என் பொண்ணு இங்கேதான் சேரப்போறா." தச்சரின் குரல் தணிந்தது. "திருடனும் கொலைகாரனும் நின்ன இடம் டீச்சர். அதுல என் குழந்தையை உட்கார வைக்க மனசு வரலை. இது இங்கே இருந்தா, அவளை வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கறேன்."

வேறு பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அப்பால் இருந்தது. அவ்வளவு தூரம் என்றால் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்று மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அதை நினைத்தும் அவர் இறங்கி வரவில்லை.

"சரி அண்ணே. மரம் எப்படி இருக்கு?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"மரத்துக்கு என்ன, நல்ல தேக்கு. அடிப்பலகைதான் பள்ளம் விழுந்து கிடக்கு. நின்னு நின்னே தேய்ச்சிருக்கானுங்க. இழைச்சுச் சமமாக்கலாம்னா அதுக்கும் வேண்டாங்கறீங்க."

"பள்ளம் இருக்கட்டும். கால் நடுங்க நின்னவங்களும் மனுஷங்கதானே? கடவுள் அவங்களை விட்டுட்டா போனார்?"

"கடவுள் மன்னிப்பார், ஊர் மன்னிக்காது. நீங்க நல்ல குடும்பத்துல வளர்ந்தவங்க, உங்களுக்கு அது தெரியாது. இதுக்குள்ள உட்கார்ந்து எந்தக் குழந்தை உருப்பட்டிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்!"

தலைமை ஆசிரியை செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டுக்குள் போனார். பள்ளத்தின் ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கப்பா இங்கேதான் நின்னார் அண்ணே. திருட்டு வழக்கு. திருடினதும் நிஜம். அவர் காலைக் கட்டிக்கிட்டு அழுத என்னைப் பிரிக்க வேண்டாம்னு நீதிபதி சொல்லிட்டார். ஒரு காவலர் படப் புத்தகம் கொடுத்து, இதே இடத்துல உட்கார வச்சார். நான் முதன்முதலா எழுத்துக்கூட்டிப் படிச்சது இதுக்குள்ளதான். உருப்பட்டேனா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."