ரெண்டு ராஜா

ஆறுமுகம் இந்த முறையும் தன் சீட்டைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த வில்லைகள் அத்தனையையும் இரண்டு கையாலும் மேசை நடுவே தள்ளினார்.

"மொத்தமும்."

கௌதமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருத்தணியில் ஒரு மண்டபத்து மாடியில் போக்கர் போட்டி. பணம் கிடையாது. பிளாஸ்டிக் வில்லைகளை வைத்து ஆட்டம், ஜெயித்தால் ஒரு கோப்பை. காலையில் பெரிய கூட்டம். இப்போது மூன்று பேர் மிச்சம். ஆறுமுகத்திடம் வில்லைகள் குவிந்து கிடந்தன. வங்கியில் வேலை பார்க்கும் ஹேமாவதியிடம் ஒரு பிடி. கௌதமனிடம் நடுத்தரமாக.

நடுத்தரக்காரன் எப்படி ஆடவேண்டும் என்பது கௌதமனுக்கு அத்துப்படி. பெரிய குவியல் வைத்திருப்பவனோடு மோதக்கூடாது. ஒரே ஆட்டத்தில் வெளியே அனுப்பிவிடுவான். சின்னக் குவியலை மிரட்டிச் சேர்த்துக்கொண்டு, நல்ல சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்த நல்ல சீட்டு இப்போது கையில் இருந்தது. ரெண்டு ராஜா.

எதிரே வேறு யாராவது என்றால் துணிந்திருப்பான். ஆறுமுகம் அவன் அக்கா புருஷன். மகள் யுவஸ்ரீயின் காதுகுத்துக்குத் தாய்மாமனை நேரில் வந்து அழைக்காமல், வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பியவர். கௌதமன் போகவில்லை. மாமன் மடி இல்லாமலே குழந்தைக்குக் காது குத்தினார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அக்காவின் ஃபோனைக்கூட அவன் எடுப்பதில்லை.

இந்த ஆளிடமா தோற்பது?

ராஜாக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

அடுத்த ஆட்டமும் ஆறுமுகம் பார்க்காமலே தள்ளினார். அதற்கடுத்ததும். கௌதமன் ஒதுங்கிக்கொண்டே இருந்தான். ஹேமாவதிதான் துணிந்தாள், அவள் குவியல் இரட்டிப்பானது. ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டாயமாக வைக்கவேண்டிய வில்லைகளிலேயே இவனுடையது கரைந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் அவளோடு மோதி, தோற்று, அவளுக்குக் கை கொடுத்துவிட்டு எழுந்தான்.

அவன் எழுந்ததும் ஆறுமுகம் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் மனசு ஆட்டத்தில் இல்லை. சீக்கிரமே ஹேமாவதியிடம் தோற்றார். அவரும் அவளுக்குக் கை கொடுத்துவிட்டு இறங்கிப் போய் வண்டியை எடுத்தார்.

கோப்பையோடு வந்த ஹேமாவதியிடம் கௌதமன் பொருமினான்.

"எவ்ளோ திமிரு பாத்தியாம்மா? சீட்டைக்கூட பாக்காம தள்ளிகினு இருக்காரு. என்னை மட்டம் தட்டணும்னே வந்திருக்காரு. நான் ரெண்டு ராஜா வெச்சிருந்தேன், தெரியுமா?"

அவள் முகம் மாறியது. "ரெண்டு ராஜாவா? அப்புறம் ஏண்ணா ஆடலை?"

"அந்தாளுகிட்ட தோத்து எழுந்துக்கறதுக்கா?"

கீழே வண்டிச் சத்தம் பள்ளிப்பட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. ஹேமாவதி கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"காலையில டீ குடிக்க சொல்லோ சார் எங்கிட்ட சொன்னாருண்ணா. 'தப்பு எம்மேலதாம்மா. வூட்டுக்குப் போனா மச்சான் கதவு தொறக்கறதில்ல. இன்னிக்கு ஒரே ஒரு வாட்டி அவன் எங்கூட மோதட்டும். யாரு தோத்தாலும் கை குடுத்துட்டுதான் எழுந்துக்கணும்னு இங்க ரூலு இருக்குதில்ல'ன்னாரு."