துரத்தி வந்த கறுப்புக் கோட்டு

1931 மார்கழி. சனிக்கிழமை விடியற்காலையிலேயே பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறிவிட்டார்கள் மூன்று தோஸ்துகளும். இரண்டு நாள் நகரி மலையில் ஆசை தீரச் சுற்றுவதாகத் திட்டம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஜெயவேலும் தண்டையார்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த மஜீதும் அதுவரை மலையைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

டிக்கெட் வேண்டாம் என்றது வரதன்தான். அவனுக்குக் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை. "நம்ம ரயிலுக்கு நாமளே டிக்கெட் எடுக்கிறதா? இன்னா மாமு நீ!"

நகரி நெருங்கியதும் பக்கத்துப் பெட்டி வாசலில் ஒரு கறுப்புக் கோட்டு தெரிந்தது.

"செக்கர்டா!"

வண்டி நிற்பதற்குள் மூவரும் மறுபக்கம் குதித்தார்கள். கறுப்புக் கோட்டும் குதித்தது.

ரயில்வேக்காரனே பிடிபட்டால் வேலை போய்விடும். வரதன் தலைதெறிக்க ஓடினான். கரும்புத் தோட்டம் தாண்டி, ஓடை தாண்டி, பனி மூடிய மலைப்பாதையில் ஏறினார்கள்.

"ஏய், நில்லுங்கப்பா!" என்று பின்னால் குரல்.

"கை காட்டிக் கூப்புடுறாருடா!"

"பாக்காத, ஓடு!"

ஓடையில் விழுந்து எழுந்த ஜெயவேல், பல் கிடுகிடுக்க ஓடினான். அதைப் பார்த்த மஜீதுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் மூவருமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

உச்சியில் சிரிப்பு நின்றது. பாறைக்கு அப்பால் பள்ளம். போக வழி இல்லை.

கறுப்புக் கோட்டுக்காரர் வந்து தொப்பென்று விழுந்தார். பேச மூச்சில்லை. வரதன் அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, இந்த மாசந்தான் வேலைய பர்மனென்ட் ஆக்கினாங்க. தப்பு நடந்துபோச்சு. இந்த ஒரு தபா வுட்டுருங்க!"

அவர் தண்ணீர் கேட்டுச் சாடை காட்டினார். மஜீது தண்ணீர் கொடுத்தான். கூடவே, அவன் அம்மா காத்தூன் பீவி இரண்டு நாளைக்கென்று கட்டித் தந்த ரொட்டியையும் கறி வறுவலையும் பிரித்து வைத்தான். அவர் மறுக்கவில்லை. ஜெயவேல் கால் பிடித்துவிட்டான்.

"பெரிய மனுசன், எறங்கி வந்துட்டாரு" என்று வரதன் காதில் மஜீது கிசுகிசுத்தான்.

கடைசித் துண்டுவரை சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டு எழுந்தார் அவர். கீழே பாதையை ஒருமுறை கவலையோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா உக்காந்துகினு கீறீங்க? செக்கர் வரதுக்குள்ள ஓடலாம், எழுந்திருங்க. என்கிட்டயும் டிக்கெட் கெடையாது!"