மூன்றாவது சிவப்பு அட்டை

"மறுபடியும் சிவப்பு அட்டையா?" என்று கதவைத் திறந்ததுமே கேட்டாள் குன்வோர்.

ஸ்வீடனின் அந்தச் சின்ன ஊரில் குப்பை வண்டி ஓட்டும் சிக்ஸ்டன், ஒரு கையில் குப்பையைத் தவறாகப் பிரித்ததற்கான எச்சரிக்கை அட்டையும் மறு கையில் காலி மீன் டப்பாவுமாக நின்றார்.

"மூணாவது வாரங்க! உங்க சாப்பாட்டுக் கழிவுத் தொட்டியில உருளைக்கிழங்குத் தோல், காபிச் சக்கை, முட்டை ஓடு எல்லாம் ஒழுங்கா இருக்கு. நடுவுல தகர டப்பா! தகரத்துக்குத்தான் தனித் தொட்டி இருக்கே?"

"மெதுவா பேசுங்க. எதிர்வீட்டுக்காரி ஜன்னலை விட்டு நகரவே மாட்டேங்கிறா. பதினாறு வருஷமா கட்டிக் காத்த மானம் போகுது."

"விதின்னா விதிதான். உட்கார்ந்து விளக்கிட்டுத்தான் போகணும்."

"போன வாரமே ஒரு மணி நேரம் விளக்கினீங்க. சரி, வாங்க, காபி ஆறிடும்."

மேசையில் இரண்டு கோப்பைகளும் சூடான ஏலக்காய் பன்னும் தயாராக இருந்தன. நாலாவது பன் தீரும்வரை சிக்ஸ்டன் குப்பையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும் அலுப்பைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கிளம்பும்போது குன்வோர் டப்பாவைக் கழுவித் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எனக்கு மீனே ஒத்துக்காது சிக்ஸ்டன். இந்த வீட்டுக்குள்ள மீன் டப்பா வந்ததே இல்ல."

சிக்ஸ்டனின் முகம் அட்டையைவிடச் சிவந்தது.

"அடுத்த வாரம் சோள டப்பாவா பார்த்துப் போடுங்க" என்றாள் குன்வோர்.